நரி இடம் போனால் என்ன

யாருக்காவது எதிர்பாராமல் நல்லது நடந்துவிட்டால், "இன்னிக்கு நரி மொகத்துல முழிச்சியா?" என்று எங்கள் பக்கம் கேட்பார்கள். வெயிலும் மழையும் சேர்ந்தடித்தால் காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம். காரியக்காரன் என்றால் குள்ளநரி. நமக்குச் சம்பந்தமில்லாத விவகாரம் என்றால், நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி. நாகப்பட்டினம் பக்கம் நரிமணம் என்று ஒரு ஊர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொன்னால் இன்றைக்கு எல்லோருக்கும் எண்ணெய்க் கிணறும், 1993இல் அங்கே வந்த சுத்திகரிப்பு ஆலையும்தான் ஞாபகம் வரும். பெயரில் உள்ள நரி யார் கண்ணிலும் படுவதில்லை.

என்னோடு பள்ளியில் படித்தவர்களின் வாட்ஸப் குழுவில் ஒருநாள் சும்மா கேட்டுப் பார்த்தேன்: உயிருள்ள நரியை யாரெல்லாம் பார்த்திருக்கிறீர்கள்? எல்லாருமே டெல்டாக்காரர்கள். பதில் சொன்ன பதினொரு பேரில் இரண்டு பேர்தான் பார்த்திருந்தார்கள். அதில் ஒருவன் பார்த்தது வண்டலூரில். ஊளை கேட்காதவர் மட்டும் ஒருவர்கூட இல்லை. நரியைக் காதால் மட்டுமே அறிந்த தலைமுறை என்று எங்களைச் சொல்லலாம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பாடப்புத்தகத்தில் பாட்டியிடமிருந்து காக்கா திருடிய வடைக்காகக் காத்திருக்கும் அந்தச் செம்பழுப்பு நிற, வெள்ளை வால்நுனிப் பிராணி ஐரோப்பிய நரி. நம் வரப்புகளில் நடந்ததே இல்லை. ஈசாப் கதையோடு கப்பலில் வந்தது. டெல்டாவில் நரி என்றால் பொன்னிற நரி, ஆங்கிலத்தில் ஜக்கால். நாய், ஓநாய் இரண்டுக்கும் நெருங்கிய சொந்தம். எட்டிலிருந்து பத்து கிலோ தேறும். இதைவிட மிகச் சிறியதாக, இரண்டு மூன்று கிலோவில், உடம்புக்குப் பொருந்தாத பெரிய காதும் நீண்ட வாலுமாக வறண்ட மேட்டு நிலங்களில் ஒன்று உண்டு. அதுதான் இந்திய நரி. சேலம் வாழப்பாடிப் பக்கத்துக் கிராமங்களில் பொங்கல் சமயத்தில் வலை வைத்துப் பிடித்து, ஊர்வலமாகக் கொண்டுவந்து, எல்லோரும் முகத்தில் முழித்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடும் 'வங்கா நரி' இதுதான். வனத்துறை அபராதம் போடும், ஊர் பிரித்துக் கட்டும், அடுத்த தையில் மறுபடியும் வலை எடுக்கும். பேச்சுத்தமிழ் இரண்டையுமே குள்ளநரி என்றுதான் சொல்கிறது. ஆகவே பழைய எழுத்துகளில் நரி என்று வரும்போது எது என்று யோசித்துத்தான் படிக்க வேண்டும். நான் இங்கே பேசுவது முதல் வகையை, ஊளையிடுவதை.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணி ஆற்றுக் கரையில். ஆறு அப்படியே போய் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் முடியும். தாத்தா வைத்த தென்னந்தோப்பு ஒன்று இருந்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையேறியபோது அதில் பாதிக்கு மேல் சாய்ந்தது. அம்மா அன்றைக்கு அழுததைப் போனில் கேட்டேன், பெங்களூரில் இருந்தேன். நிவாரணம் வந்தது, மரத்தை அறுத்தெடுக்கவே அது சரியாகப் போய்விட்டது. பிறகு யாரும் திரும்ப நடவில்லை. சீமைக்கருவேலம் புகுந்தது. இரண்டு ஏக்கருக்கு முள்காடு. நடுவில் தாத்தா காலத்துச் செங்கல் காளவாய் ஒன்று இடிந்து மேடாகக் கிடக்கிறது.

வீட்டிலிருந்தே வேலை என்றான பிறகு நான் ஊரோடு வந்துவிட்டேன். சாயங்கால மீட்டிங்கில் மைக்கை ஆன் செய்தால் பின்னால் ஊளை கேட்கும், சென்னை அலுவலகத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சத்தம் காளவாய் மேட்டிலிருந்துதான் வருகிறது என்று தெரிந்ததும் இரண்டு தானியங்கிக் கேமரா வாங்கி, பொந்துக்குப் பத்தடி தள்ளி முழங்கால் உயரத்தில் கட்டினேன்.

இந்தக் கேமராவின் மூளை மிகச் சாதாரணமானது. உடல் வெப்பத்தையும் அசைவையும் சேர்த்து உணரும் சின்ன அகச்சிவப்பு சென்சார் ஒன்று. பின்னணியைவிட வேறான வெப்பத்தில் ஏதாவது நகர்ந்தால் படம் எடுக்கும். சித்திரை மாத மத்தியானத்தில் தரையே உடம்புச் சூட்டுக்கு வந்துவிடுவதால் நரி முன்னால் நடந்துபோனாலும் அதற்குத் தெரியாது. காற்றில் ஆடும் சூடான கோரைப்புல்லை மட்டும் விசுவாசமாக எடுத்துத் தள்ளும். முதல் வாரம் நாலாயிரத்துச் சொச்சம் படம். அதில் மிருகம் இருப்பதை மட்டும் பிரித்தெடுக்க மெகாடிடெக்டர் என்ற இலவச மாதிரி ஒன்று இருக்கிறது. மிருகம், மனிதன், வண்டி என்று மூன்றே பதில்தான் சொல்லும். நரியா நாயா என்று கேட்டால் அதற்குத் தெரியாது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. நூற்றிச் சொச்சம் படம் மிஞ்சியது. மாடு, கீரி, பக்கத்து வீட்டு நாய், சித்தப்பா, மறுபடி சித்தப்பா. நூற்றியெட்டாவதோ என்னவோ, இரவு 2.14க்கு, நேராக லென்ஸைப் பார்த்துக்கொண்டு ஒரு முகம்.

இந்த முறைக்கு நூற்றிருபது வருஷத்துக்கு மேல் வயது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஷைராஸ் என்பவர் காட்டுப்பாதையின் குறுக்கே கயிறு கட்டி, மிருகத்தின் கால் தட்டியதும் தன் படத்தைத் தானே எடுத்துக்கொள்ளும்படி செய்தார். நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ் 1906 ஜூலையில் அவருடைய 74 படங்களைப் போட்டது. இந்தியாவுக்கு அதைக் கொண்டுவந்தவர் ஐக்கிய மாகாணத்தில் வன அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன். மற்ற துரைகள் புலியின் மேல் காலை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், இவர் மக்னீசிய வெளிச்சத்தில் புலி தானாக நடப்பதை எடுத்து 1927இல் புத்தகமாகப் போட்டார். ஒவ்வொரு புலிக்கும் வரி வேறு, வரியை வைத்து ஆளை அடையாளம் சொல்லலாம் என்பதையும் கவனித்தார். அந்த எண்ணத்தைக் கணக்காக்கியவர் உல்லாஸ் கரந்த். நாகரஹொளேயில் கேமரா வைத்து, ஒருமுறை பிடிபட்ட புலி எத்தனை முறை திரும்பப் பிடிபடுகிறது என்பதிலிருந்து மொத்தப் புலிகளை மதிப்பிடும் முறையை 1995இல் வெளியிட்டார். 2018 அகில இந்தியக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். கிடைத்தவை 3,48,58,623 படங்கள். கின்னஸில் ஏறியது. அதில் புலி இருந்தவை 76,651. ஆயிரத்துக்கு இரண்டு.

மீதி ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டைப் பற்றித்தான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். டேட்டா வேலை செய்கிறவனுக்கு அது உறுத்தும். தவிர, புலி இல்லாத மாவட்டத்துக்குப் புலிக் கேமரா எதற்கு வரப்போகிறது? நெல் வயலில் கேமரா கட்டுவது யாருக்கும் தோன்றாது. நரிக்கு வரியும் கிடையாது, புள்ளியும் கிடையாது. ஆளை அடையாளம் காண வடுதான் கதி.

எனக்கு அப்படி ஒரு வடு கிடைத்தது. முதல் வருஷம் ஒரு ஜோடி, நான்கு குட்டி. தொல்காப்பிய மரபியல் சொல்கிறபடி குருளை என்று சொல்ல வேண்டும். நாய், பன்றி, புலி, முயல் இவற்றின் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டு, நரிக்கும் அதுவே ஆகும் என்று தனியாக ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார். குட்டிகளில் ஒன்றுக்கு இடது காது கிழிந்திருந்தது. ஆடி மாதத்துக்குப் பிறகு குட்டிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கிழிந்த காது மட்டும் போகவில்லை.

மறு வருஷம் பங்குனியில் புதுக் குட்டிகள் பிறந்தன, இந்த முறை மூன்று. கிழிந்த காது இப்போது முழு வளர்ச்சி. அது எலியைக் கவ்விக்கொண்டு வந்து பொந்து வாயில் போடும். பெரியவை இரண்டும் இல்லாத நேரத்தில் வாசலில் படுத்துக் கிடக்கும். கொட்டாவி விடும். தம்பி தங்கைகள் அதன் வாலைக் கடித்து இழுக்கும். ஒரு வீடியோவில், தான் தின்றதை வெளியே கக்கிக் குட்டிகளுக்குக் கொடுக்கிறது. பார்க்க ஒருமாதிரியாகத்தான் இருக்கும், ஆனால் நான் அதைத்தான் அதிகமுறை பார்த்திருக்கிறேன். பட்ரீஷியா மோல்மன் என்ற ஆய்வாளர் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் கருமுதுகு நரிகளைப் பார்த்து 1979இலேயே இதை எழுதியிருக்கிறார்: முந்தைய ஈற்றுக் குட்டி ஒன்று உதவிக்குத் தங்கும் வீட்டில் அதிகக் குட்டிகள் பிழைக்கின்றன. கூட்டுக்குடும்பம் உடைந்துவிட்டது என்று ஊரே புலம்புகிற காலத்தில், எங்கள் தோப்பில் ஒன்று நடந்துகொண்டிருந்தது.

பஞ்சதந்திரத்தின் கரடகனும் தமனகனும் நரிகள். எட்டாம் நூற்றாண்டில் அரபிக்குப் போய்க் கலீலாவும் திம்னாவுமாக ஆனார்கள். தாண்டவராய முதலியார் 1826இல் மராட்டியிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தபோது உரைநடைக்கே அது ஒரு முன்மாதிரியாகப் போனது. அவ்வளவு பெரிய பயணத்தில் எங்குமே அவர்களுக்குக் குடும்பம் இல்லை. அரசவையில் கோள் மூட்டுகிற வேலை மட்டும்தான். சங்கப் பாடல்களில் நரி வருவது பெரும்பாலும் சுடுகாட்டுக்கும் போர்க்களத்துக்கும். நரிவெரூஉத்தலையார் என்று ஒரு புலவரே இருக்கிறார், நரி பார்த்து மிரளும் தலையாம். பாவம்.

நரிக்குக் கிடைத்த பெரிய வேஷம் எங்கள் பக்கத்தில்தான். முத்துப்பேட்டையிலிருந்து மேற்கே போனால் அறந்தாங்கி தாண்டி ஆவுடையார்கோயில், அதாவது திருப்பெருந்துறை. 1974இல் புதுக்கோட்டை மாவட்டம் உருவாகும்வரை அறந்தாங்கி வட்டம் தஞ்சை மாவட்டத்தில் இருந்தது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பணத்தோடு வந்த மாணிக்கவாசகர் இங்கே கோயில் கட்டிவிட்டார். சிவன் காட்டு நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டிப் போனார். ராத்திரி அவை மறுபடி நரியாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஊளையிட்டுக்கொண்டு ஓடின. மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் நடத்திக் காட்டுகிறார்கள். பக்தியை ஒருபுறம் வைத்துவிட்டு இதைப் பொருளாதார வரலாறாகவும் படிக்கலாம். தமிழ் நிலத்தில் குதிரை வளராது. கடல் வழியாக வர வேண்டும். பாண்டிய நாட்டில் குதிரைக்குக் கொட்டிய பணத்தையும், வந்த குதிரைகள் சீக்கிரம் செத்துப்போனதையும் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். இருப்பதிலேயே விலை உயர்ந்த மிருகத்துக்கு எதிராக, காசே இல்லாத மிருகத்தை நிறுத்தியிருக்கிறது கதை. நரி விலையில்லாதது என்பதுதான் அதன் நகைச்சுவை.

உண்மையில் ஒரு விலை இருந்தது. நரிக்கொம்பு. கூட்டத்துத் தலைவன் நரியின் மண்டையில் அரை அங்குலத்துக்கு ஒரு கொம்பு முளைக்கும், வைத்திருப்பவன் நினைத்தது நடக்கும் என்பது நம்பிக்கை. எமர்சன் டென்னன்ட் 1861இல் எழுதிய இலங்கை இயற்கை வரலாற்று நூலில், சிங்களரும் தமிழரும் இதைப் போற்றுவதையும், குறிப்பாகக் கோர்ட் கேஸில் ஜெயிக்க இது உதவும் என்று நம்புவதையும் பதிவு செய்திருக்கிறார். தஞ்சாவூர் ஜில்லாவில் வரப்புத் தகராறுக்கா பஞ்சம்? இங்கேயும் நல்ல வியாபாரம் ஓடியிருக்கும். விற்றவர்கள் நரிக்குறவர்கள். அவர்கள் பேசுவது வாக்ரிபோலி. தங்களை வாக்ரி என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். நரி என்ற முன்னொட்டு நாம் ஒட்டியது.

அதே காலத்தில் நரி வேட்டையாடிய இன்னொரு கூட்டமும் இருந்தது. ஊட்டியில் வெள்ளைக்காரர்கள் இங்கிலாந்திலிருந்து வேட்டை நாய்களை வரவழைத்து, சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, அந்த ஊர் நரி கிடைக்காத குறைக்கு நம் நரியை வென்லாக் புல்வெளியில் குதிரையேறித் துரத்தினார்கள். அது விளையாட்டு, கிளப், வெள்ளிக் கோப்பை. 1911இல் குற்றப்பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்தபோது குறவர் என்ற பெயர் தாங்கிய பல சமூகங்கள் போலீஸ் பதிவேட்டுக்குள் போயின. 1947இல் சட்டம் இங்கே நீக்கப்பட்டது, சந்தேகம் நீங்கவில்லை. 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்தது. நரியைக் காக்க அது தேவைதான், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ஊட்டிக்காரர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு போனது, வாக்ரிகளுக்குச் சோறு போனது. ஊசிமணி, பாசிமணிக்கு வந்தார்கள். பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிப் பல பத்தாண்டு கேட்டு, 2022 இறுதியில்தான் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த வைகாசியில்தான் கிழிந்த காது செத்தது.

வாய்க்கால் கரையில் கிடந்தது. கீழ்த்தாடை இல்லை. அவுட்டுக்காய். இறைச்சியிலோ கருவாட்டிலோ பொதிந்து வைக்கும் நாட்டு வெடி, கடித்தால் வெடிக்கும். பத்து மணிக்குள் டீக்கடையில் தீர்ப்பு ஆகிவிட்டது: "குருவிக்காரனுவ வேலை. பஸ்ஸ்டாண்டு பக்கம் கூடாரம் போட்டிருக்கானுவள்ல." 2021இல் திருச்சி அருகே இதே மாதிரி நரி கொன்ற வழக்கில் பன்னிரண்டு பேர் கைதான செய்தியைக் கடையில் ஒருவர் அப்படியே தேதியோடு சொன்னார். ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் மட்டும் டம்ளரைக் கழுவிக்கொண்டே, "அவனுவ தோப்புக்குள்ள வந்தா என் ஆடு கத்தும் தம்பி" என்றார்.

வீட்டுக்கு வந்து மெமரி கார்டை எடுத்தேன். மெகாடிடெக்டர் 'மனிதன்' என்று போட்ட படங்களை நான் வழக்கமாகப் பார்க்காமல் தள்ளிவிடுவேன், ஊர்க்காரர்களை உளவு பார்ப்பது என் நோக்கம் இல்லை. அன்றைக்குப் பார்த்தேன். முந்தின நாள் இரவு 9.40. எங்கள் தெருக்காரர். சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் காட்டியவர். கையில் பை. குனிகிறார், எழுந்து போகிறார்.

நேரில் போய்க் கேட்டேன். "பன்னிக்கு வெச்சதுப்பா. கடலைய பூரா கிண்டிப்புடுது. நரிக்கு வெக்க நான் என்ன கிறுக்கனா?" அவர் சொன்னதை நான் நம்புகிறேன். காட்டுப்பன்றி அவர் கொல்லையில் செய்த வேலையை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் மறுநாள் கூடாரத்திலிருந்து இரண்டு பேரை விசாரணைக்குக் கூட்டிப்போனார்கள் என்று தெரிந்ததும் அந்த வீடியோவை வனத்துறையிடம் கொடுத்தேன். கூட்டிப்போனவர்கள் சாயங்காலமே திரும்பிவிட்டார்கள். தெருக்காரர்மேல் வழக்கு ஆனது. அவர் சித்தப்பாவுக்குச் சம்பந்தி வழி. சித்தப்பா என்னோடு பேசி மூன்று வாரம் ஆகிறது.

பிரிஸ்டல் நகரத்தில் 1977இலிருந்து நரிக் குடும்பங்களைத் தெருத்தெருவாகத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். 1994இல் சொறிநோய் வந்து சில வருடங்களில் நூற்றுக்கு தொண்ணூற்றைந்துக்கு மேல் செத்தன. அத்தனை வருடப் பதிவு இருந்ததால் எவ்வளவு இழந்தோம் என்று அவர்களால் சொல்ல முடிந்தது. டெல்டாவில் நாய்களிடமிருந்து வரும் நோயிலும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் அடிபட்டும், வெடியிலும் போகிறவை ஊளைச் சத்தம் குறைவதாக மட்டுமே நமக்குத் தெரியவரும். என் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது ஒரு குடும்பம், இரண்டு வருடம்.

அவற்றின் வேலையையும் பார்த்திருக்கிறேன். சம்பா அறுத்து உளுந்து தெளித்த வயலில் வரப்பெலி வளை வளையாக வைத்திருக்கும், உள்ளே கதிரைச் சேர்த்துக்கொண்டு. அதற்காகவே மூங்கிலை வளைத்து நாண் பூட்டிய தஞ்சாவூர் கிட்டி என்று ஒரு பொறி உண்டு. இன்னும் கட்டுகிறார்கள், கூலி கொடுத்து. கேமரா முன்னால் நரிகள் கொண்டுவந்து போட்ட எலிகளை ஒரு மாதம் எண்ணினேன்: 61. இரண்டாவது இடம் நண்டுக்கு. கோழி ஒன்று, அதுவும் எங்கள் கோழிதான்.

சித்தப்பாவிடம் இந்தக் கணக்கைச் சொல்லியனுப்பினேன், அம்மா மூலம். தோப்பில் அவருக்குப் பாதி பங்கு. முள்காட்டை அழித்துத் திரும்பத் தென்னை வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. சீமைக்கருவேலத்துக்கு ஆதரவாகப் பேச இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை வேரோடு பிடுங்கச் சொன்னபோது நானே பெங்களூரிலிருந்து கைதட்டியவன். இப்போது அந்த முள்தான் மூன்று குட்டிகளுக்குக் கூரை. பிறந்து இரண்டரை மாதம் ஆகிறது. பொந்தைவிட்டு நகர இன்னும் சில வாரம் வேண்டும்.

ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துசேர இரண்டு வாரம் பிடிக்கும். அதற்குள் தூர்வாரி முடிக்கப் பொக்லைன் இறக்கியிருக்கிறார்கள். வாடகை வண்டி ஊருக்குள் இருக்கும்போதே தோப்பையும் ஒரே மூச்சில் முடித்துவிடுவது எல்லோரும் செய்வதுதான். காளவாய் மேட்டையும் அதைச் சுற்றி இருபது சென்ட்டையும் மட்டும் ஆடி முடியும்வரை விட்டுவைக்கச் சொல்லி, அந்த இருபது சென்ட்டை என் பங்கில் கழித்துக்கொள்ளவும் எழுதிக்கொடுத்திருக்கிறேன். காகிதத்தை அம்மாதான் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கி, கண்ணாடி போட்டுப் படித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டாராம். ஒன்றும் சொல்லவில்லை.

நேற்றுவரை பொக்லைன் இரண்டு மதகு தள்ளி வேலை செய்துகொண்டிருந்தது. இன்று காலை அடுத்த மதகுக்கு வந்துவிட்டது.